தவணை

வங்கிக் கடனில் வந்ததால்
அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் தவணை.
ஜேர்சிக் கலப்பு. இடது கொம்பு மட்டும்
எதையோ கேட்பதுபோல வளைந்திருக்கும்.
பொரலந்தைச் சந்தியில் லொறியை விட்டு இறங்கி
வீடு வந்ததும் முதல் வேலையாக
வேலியைத் தின்றாள்.

எண்பது பேர்ச்சஸ் காணி.
பேரி இருபத்தேழு மரம்,
கீழே மரத்தக்காளி,
தண்ணீர்ப் பீலிப் பக்கம் கம்பிப் பந்தலில் கொடித்தோடை.
உர மூட்டைக்குக் கதவடைத்து மூன்று வருடமாகியும்
பழங்கள் எலுமிச்சை அளவில் நின்றுகொண்டு
எங்களையே பார்த்தன.

மாடு வந்தால் மண் தேறும் என்றார் தனராஜா.
புருஷன் பேரைச் சொல்லக்கூடாதாம்.
கடன் பத்திரத்தில் மாதாமாதம் வாசிக்கிறேனே.

தேறியது, பொய் சொல்ல மாட்டேன்.
மூத்திரத்தை வாளியில் பிடித்து
ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து
மரத்துக்கு மரம் ஊற்றினேன்.
சாணத்தோடு காய்ந்த இலையைக் குவித்து மூடினால்
விடியற்குளிரில் குவியல் ஆவி விடும்;
கையை நுழைத்துச் சூடு பார்ப்பேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைப் பார்ப்பதுபோல.
விழுந்த பேரிகள் அவளுக்கு.
அழுகலைத் தின்று அவள் தந்த பாலில்
பால் சேகரிக்கும் ரஞ்சித்தின் அளவுகோல்
ஒரு கோடு மேலே நின்றது.

எல்லோரும் எத்தனை லீற்றர் என்று கேட்டார்கள்.
சான்றிதழுக்கு வந்த விராஜினி மிஸ் மட்டும்
பேரியைத் தொடாமல், பாலைக் கேட்காமல்,
பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:
"மாடு எங்கே மேயுது?"

மேயவில்லை. நான்தான் அறுத்து வருகிறேன்.
தோட்டத்து எல்லையில், ரோட்டோரம்,
இடுப்பளவு புல்.
களைமருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து
ஆட்கள் அடித்துப் போகும் அதே வரிசையில்.

அவர் சொன்னபடி
மூன்று மீன் டின்னில் சாண எருவை நிரப்பிப்
போஞ்சி விதை ஊன்றினேன்.
எட்டாம் நாள் முளைத்தன.
இலை விரியவில்லை.
மூன்றும் விரல் மடக்கி,
எதையோ தர மறுக்கும் கைகள்.

அன்றிரவு
தூங்கிக்கொண்டிருந்த சாருமதியின் விரல்களை
டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன்.
விரிந்தன.
பத்தையும் எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன்.

மாட்டை விற்றுவிடலாம் என்றார் அவர்.
பதினொரு தவணை பாக்கி என்றேன்.
மாட்டைச் சொல்கிறேனா கடனைச் சொல்கிறேனா என்று
அவருக்கும் புரியவில்லை, மாட்டுக்கும் புரியவில்லை.

புல்லுக்கு நிலம் வேண்டும்.
நிலத்தில் இடமில்லை.
கொடித்தோடை வாரம் வாரம் காசு தந்தது,
சாருமதியின் டியூஷன், மண்ணெண்ணெய், பஸ்.
பந்தலைப் பார்த்தபடி இரண்டு நாள் பேசாமல் நடந்தோம்.
மூன்றாம் நாள் அவர் பால் ஊற்றப் போன நேரத்தில்
அம்மாவின் பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்தேன்.
வெட்ட வெட்டக் கொடி பச்சையாக மணத்தது.
பிஞ்சுகள் மடியில் விழுந்தன.
திரும்பி வந்தவர்
கேனைக் கீழே வைத்தார்,
ஒரு வார்த்தை பேசாமல்
கம்பியைச் சுருட்டத் தொடங்கினார்.

அதே கம்பிதான் இப்போது வேலி.
வெலிமடையிலிருந்து சுமந்துவந்த நேப்பியர் கரணை
முழங்கால் உயரம்.
இந்த வாரம் வாங்கிய கடன்
கடைக்காரரின் கொப்பியில்.

பழைய குவியலை ஒதுக்கிவிட்டுப்
புதுச் சாணத்தில் மறுபடி மூன்று டின்.
ஒன்பதாம் நாள்
இரண்டு விரிந்தன, உள்ளங்கை போல.
மூன்றாவது இன்னும் மடங்கியே இருக்கிறது.
விதை சொத்தையாக இருக்கும் என்கிறார் தனராஜா.
இருக்கலாம்.

நான் அதற்கும் தண்ணீர் ஊற்றுகிறேன்.
தவணை வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி
அந்த டின்னை முகர்கிறாள்.